விட்டாச்சுதானே அப்பா

கோட்டின் இடது கையை மாட்டியாயிற்று. அப்பாவின் வலது கை விறைத்துப்போய் மடங்க மாட்டேன் என்றது. ஸுல்மா அவர் தோளை லேசாகத் தூக்கியபோது கோட்டின் உள்பையில் ஏதோ நெருடியது. எடுத்துப் பார்த்தாள். சிகரெட் பெட்டி. ஏழு மிச்சம் இருந்தன.

அப்பா பெர்மின், சிகரெட்டை விட்டுப் பதினோரு வருஷம் என்று கோச்சபாம்பா ஊரே நம்பியது. இன்று விடியற்காலையில் ரொட்டி வாங்கப் போன இடத்தில் மாரடைப்பு. அவ்வளவுதான், ஆள் போய்விட்டார். புகைப்பவர்களிடம் எப்படிப் பேசி அதை விட வைப்பது என்று மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் ஸுல்மா. மாணவர்கள் பேசிப் பழகுவதற்கு வருஷா வருஷம் இதே கோட்டில் வந்து, சிகரெட்டை விடாத நோயாளியாக வேஷம் கட்டுகிறவர் அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு எங்கிருந்துதான் அந்த நடிப்பு வந்ததோ! இருமுவார், பொய் சொல்வார், அதற்குச் சத்தியமும் பண்ணுவார். பிள்ளைகள் திணறிப்போவார்கள்.

நடிப்பு. போன தேர்வில் யோஸ்லின் என்ற மாணவி, ‘இவர் நடிக்கவில்லை. தினமும் நாலைந்து பிடிக்கிறார்’ என்று எழுதியிருந்தாள். நடிக்க வந்தவரைப் போய் நோயாளி என்பதா என்று இருபது மதிப்பெண்ணை வெட்டியவள் ஸுல்மா. அந்தப் பெண் இப்போது கூடத்தில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்திருந்தாள். ஸுல்மா அவளை உள்ளே கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினாள்.

“உனக்கு எப்படித் தெரிஞ்சது?”

“நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் டாக்டர். ஒரு நாளைக்கு எத்தனைன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தார். அப்புறம் அழுதுட்டு, நிஜமாவே நாலைஞ்சுன்னார்.”

“என்கிட்ட ஏன் சொல்லலையாம்?”

யோஸ்லின் தயங்கினாள். “நீங்க கேட்டதே இல்லைன்னார். ‘விட்டாச்சுதானே அப்பா’ன்னுதான் கேப்பீங்களாம்.”

பதிலையும் சேர்த்துக் கையில் கொடுக்கிற கேள்வியைக் கேட்காதீர்கள் என்று முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் அவள். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஏனென்றால் தம்பி வில்பெரும் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். போன வருஷம்தான் அவன் நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவனே வந்தான். கையில் தட்டு; வந்தவர்கள் மெல்லுவதற்குக் கோக்கா இலை, ஓரத்தில் அடுக்கிய சிகரெட். இலை மட்டும் போதும் என்று காலையிலிருந்தே அவனோடு மல்லுக்கட்டியிருந்தாள்.

“சாவு வீட்டுல இது சுத்தி வரலேன்னா மாமாங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்கக்கா. உன் பாடத்தை நாளைக்கு நடத்து.”

‘விட்டாச்சுதானே’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

“வில்பெர், இப்ப ஒரு நாளைக்கு எத்தனை?”

“என்னக்கா இது, நான்தான்...” என்று சிரிக்கப் பார்த்தவன் அவள் கையிலிருந்த பெட்டியைக் கண்டு நிறுத்தினான்.

ஸுல்மா பேசவில்லை. திட்ட வேண்டும் போலவும் கெஞ்ச வேண்டும் போலவும் இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த கோட்டுக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யோஸ்லின் ஓசைப்படாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கூடத்தில் யாரோ ஜெபத்தை ஆரம்பித்தார்கள்.

வில்பெர் தட்டைத் தரையில் வைத்தான். கட்டிலைச் சுற்றி வந்து அப்பாவின் வலது கையைத் தூக்கிப் பிடித்தான். இருவருமாக அதை மெல்லக் கோட்டுக்குள் நுழைத்தார்கள்.

“பத்து” என்றான்.