மிமூன் முறுக்கிய குழாய்

புதினாக் கட்டோடு படியேறி வந்த இட்டோவின் செருப்பு கூடத்திலேயே சளக்கென்றது. சமையலறையில் அவள் கணவர் மிமூன் தொப்பலாக நனைந்து நின்றிருந்தார். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயைக் கட்டை விரலால் அடைத்திருந்தார். கழன்று விழுந்த திருகு தொட்டியில் கிடந்தது.

"சொட்டிக்கிட்டே இருந்துச்சு. லேசாத்தான் முறுக்கினேன்."

"மெயின் வால்வை மூடறதுக்கென்ன?" என்று கேட்டபிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. போன மாதம் அதையும் அவர் லேசாக முறுக்கி உடைத்திருந்தார்.

அலமாரியில் இருந்த கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டி பாதி கரைந்து வழிந்திருந்தது. அது போகட்டும். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் நெய்த கம்பளி, தரையில் துடைப்புத் துணியாகச் சுருண்டு கிடந்தது.

"ஐயோ, இதையா எடுத்துப் போட்டீங்க?"

"கைக்கு எட்டினது அதான், இட்டோ. எதையாவது வச்சு அடைச்சுவிடேன், விரல் மரத்துப்போச்சு."

மரக்கரண்டிக் காம்பில் துணி சுற்றிக் குழாய்க்குள் அடித்தால் தண்ணீர் நின்றுவிடும். அது அவளுக்கு உடனே தோன்றியது. ஆனால் அவள் வாளித் தண்ணீரை மொண்டு அடுப்பில் வைத்தாள்.

"டீயா போடற? இப்பவா?"

"ஆமா. இப்பத்தான்."

தேயிலையில் கொதிநீர் ஊற்றி அலசிக் கொட்டினாள். மறுபடி ஊற்றிக் கொதிக்கவிட்டு, புதினாவைக் கசக்கித் திணித்தாள். மிச்சமிருந்த சர்க்கரையை உடைத்துப் போட்டாள். கையை உயர்த்தி ஊற்றியபோது டம்ளரில் நுரை கட்டியது. நன்றாகக் கலக்கட்டும் என்று அதைத் திரும்பப் பாத்திரத்திலேயே கொட்டி, மறுபடி டம்ளரில் ஊற்றினாள். அவசரமே படவில்லை. முதல் வாய் தொண்டையில் இறங்கியபோது கண்கள் தானாக மூடிக்கொண்டன.

"எனக்கு?"

"உங்களுக்குக் கை ஒழியலையே."

"வீட்டுல சும்மா உட்கார முடியல. ஒரு உதவியா இருக்கட்டும்னுதான்..."

"உதவியா?" டம்ளரை ணங்கென்று வைத்தாள். "முப்பது வருஷம் நீங்க அஸ்ரூவுக்கும் காஸாபிளாங்காவுக்கும் பஸ் ஓட்டினீங்க. இந்தக் குழாயை யார் பார்த்தா? ஒழுகின கூரையை யார் அடைச்சா? ரிட்டயர் ஆனதும் இங்க நான் ஒருத்தி இருக்கறதே மறந்துபோச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்துடுமா?"

மிமூன் கட்டை விரலை இன்னும் அழுத்தினார். விரலோரம் தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்தது. துடைக்கவும் கையில்லை. அவள் இரண்டாவது டம்ளரையும் குடித்து முடித்தாள். பிறகுதான் கரண்டிக்காம்பில் துணி சுற்றி, அவர் விரலைத் தள்ளிவிட்டு, குழவிக்கல்லால் நாலு போடு போட்டாள். தண்ணீர் நின்றது.

"இது முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும். கம்பளியை அலசிக் காயப்போடுங்க."

அவர் அலசினார், பிழிந்தார், மொட்டைமாடிக் கொடியில் விரித்துவிட்டு வந்தார். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணட்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவரும் பண்ணச் சொல்லவில்லை. நின்றபடியே ஊற்றிக் குடித்தார்.

"சாயங்காலம் ஒரு திருகு வாங்கணும்," என்றார் மெல்ல. "எந்த அளவு?"

அவள் கோபம் தணியாமலே அளவைச் சொன்னாள்.