புது மாதங்கி

மாதங்கி முகத்திரையை விலக்கினாள். நாகலெட்சுமி கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வீசிவிட்டு, "யாருடி இவ?" என்று கத்தினாள்.

அவள் கத்தின கத்தலில், உள் காம்பராவில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த சோலைமலை ஓடி வந்தான். பாம்பு கீம்பு நுழைந்துவிட்டதோ என்று கையில் ஒரு செருப்பு வேறு. பார்த்தால் பெண்டாட்டி டிவிக்கு நேரே விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "மூஞ்சிய மாத்திட்டானுங்க! ரெண்டு வருஷம் காக்க வச்சிட்டு எவளையோ கொண்டாந்து நிப்பாட்டியிருக்கானுங்க!" சோலைமலை செருப்பைக் கீழே போட்டு, அதையே காலில் மாட்டிக்கொண்டு, தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற இரவு வேலைக்குக் கிளம்பிவிட்டான். நாடக விஷயத்தில் வாயைக் கொடுக்கக் கூடாது என்பது அவன் கல்யாணமான நாளிலிருந்து கற்றுக்கொண்ட நாலைந்து நல்ல விஷயங்களில் ஒன்று.

அவளுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. 'செம்பருந்துக் கோட்டை' என்றால் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் சும்மா இல்லை. பொழுது இறங்கினால் செம்பருந்தாக மாறி மலைக்கோட்டையைக் காவல் காக்கிற மாதங்கியை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு சீக்கிரமாக எரிந்து முடிந்தது. போன பாகத்தின் கடைசியில், இளவரசன் வஞ்சகமாக எய்த அம்பில் சிறகு கிழிந்து, மதிலிலிருந்து அவள் விழுந்துகொண்டிருக்கும்போது அப்படியே நிறுத்தித் 'தொடரும்' போட்டார்கள். அந்தப் பாவிகள் போட்ட தொடரும் இரண்டு வருஷம் நீண்டது. மலையில் கொழுந்து எடுக்கும்போது நாகலெட்சுமியும் பக்கத்து வீட்டு ஜீவராணியும் அவளை எத்தனை விதமாகத்தான் காப்பாற்றவில்லை! கீழே ஆறு இருக்கும், ஆற்றில் விழுவாள் என்பாள் ஜீவராணி. ஆறு எங்கடி வந்துச்சு, பொழுது இறங்கப்போகுது, இன்னொரு சிறகு இருக்கு, தரையத் தொடுறதுக்கு முந்தி பறந்துருவா என்பாள் நாகலெட்சுமி. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து அதட்டுகிற வரைக்கும் மாதங்கி விழுந்துகொண்டே இருப்பாள்.

இப்போது புதுப் பாகத்தில் அவள் ஆற்றிலும் விழவில்லை, பறக்கவும் இல்லை. எவளோ ஒரு வெள்ளைத்தோல்காரி முகத்திரையை விலக்கிவிட்டு, "நான்தான் மாதங்கி" என்கிறாள். கோட்டையில் உள்ளவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் ஆமாம் ஆமாம் என்று கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

"பெத்த அப்பனுக்குமாடி தெரியாது? நம்ம மாதங்கிக்கு மூக்கு ஓரமா மச்சம் இருக்கும். இவளுக்கு மூக்கே இல்லயே!"

ஜீவராணி பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பழைய புள்ளைக்கு என்ன கஷ்டமோ. போயிட்டா போல" என்று மட்டும் சொன்னாள்.

நாகலெட்சுமிக்குச் சப்பென்று போய்விட்டது. தன்னைவிட இரண்டு மடங்கு கத்தவேண்டியவள் இவள். போன பாகத்தில் கிழவன் மந்திரி செத்ததற்கே ஒரு வேளை சோறு தின்னாதவள். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம், தான் ஒருத்தி மட்டும் பார்க்க மனசில்லாமல், பாட்டு ஓடும்போதே நாகலெட்சுமி டிவியை அணைத்திருக்கிறாள். ஒருத்தியை விட்டு ஒருத்தி பார்ப்பதில்லை என்று மாரியம்மன் கோயில் வாசலில் சிரித்துக்கொண்டே சொன்ன சத்தியம். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சத்தியம்தானே?

அவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். டிஷ் இருந்தது நாகலெட்சுமி வீட்டில். தலைப்புப் பாட்டு ஆரம்பித்ததும் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு திரும்பி வரும். தட்டு வந்த சூட்டோடு ஜீவராணி ஒரு பழைய தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பேய், பூதம் வருகிற இடத்தில் முகத்தை அதில் புதைத்துக்கொண்டு, "போயிருச்சா? போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுக்கும் சேர்த்துப் பார்த்துச் சொல்வது நாகலெட்சுமியின் வேலை.

இரண்டாம் நாள் நாடகம் தொடங்குவதற்கு முந்தி ஒரு அட்டை போட்டார்கள். பழைய நடிகையின் படம் ஒரு பக்கம், புதியவள் படம் ஒரு பக்கம். 'மாதங்கியாக இனி இவர்.' அவ்வளவுதான். எங்கே போனாள், ஏன் போனாள், பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? அன்றைக்குப் புது மாதங்கி பறக்கவேயில்லை. அரண்மனைச் சமையல்கட்டில் பாயாசம் கிண்டினாள். அதுவும் யாருக்கு? சிறகைக் கிழித்தானே, அந்த இளவரசனுக்கு!

"தூத்தேறி! இதுக்காடி உசிரக் கையில புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம்?" என்று திரும்பினாள். ஜீவராணி டிவியைப் பார்க்கவில்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி?"

"ஒண்ணுமில்ல. நீ பாரு."

அக்காவைப் பற்றி நினைக்கிறாள் போல என்று நாகலெட்சுமி எண்ணிக்கொண்டாள். போன மாதம்தான் பூண்டுலோயாவில் இருக்கிற அக்காவுக்கு வயிற்றில் ஆபரேசன் என்று ஜீவராணி போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தாள். ஜீவராணியின் மகள் நிலக்ஷிக்கு நாகலெட்சுமிதான் அத்தனை நாளும் சோறு கொடுத்து, தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். போதாததற்கு அந்த அக்கா பெயருக்கு மாரியம்மனுக்குத் தேங்காய் வேறு உடைத்தாள். தேங்காய் நன்றாக இரண்டாகப் பிளந்ததும், ஒன்றும் ஆகாது என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் வெளிச்சமானது. திரையில் இளவரசன் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தான். நல்ல வெயில். குருவி கத்துகிறது. பயப்பட அதில் ஒரு மண்ணும் இல்லை. ஜீவராணி தலையணையை இழுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் புதைத்து முடித்த பிறகுதான் கிணற்றுக்குள்ளிருந்து மயிர் முளைத்த கறுத்த கை ஒன்று வந்து இளவரசனின் கழுத்தைப் பிடித்தது.

நாகலெட்சுமி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள். வெளியே கூரைத் தகரத்தில் தூறல் விழுவது கேட்டது.

"நீ பாத்துட்ட."

ஜீவராணி தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஒன்னத்தான்டி கேக்குறேன். கை வரும்னு ஒனக்கு எப்புடித் தெரியும்? என்னைய விட்டுட்டுப் பாத்துட்டியா?"

ஜீவராணி முகத்தை எடுத்தாள். "போன்ல போட்டிருந்தாங்க. எல்லாத்தையும் மொத்தமா. பாத்துட்டேன்."

"எந்தப் போன்ல? ஒங்கிட்டதான் பட்டன் போனு?"

"புதுசு குடுத்திருக்காங்க."

"யாரு?"

ஜீவராணி தலையணை உறையின் நூலைப் பிடுங்கினாள். "நான் கடைசி வரைக்கும் ஒன்னோட இருந்து பாக்க மாட்டேன் நாகு. அதான் முந்தியே பாத்தேன். வியாழக்கெழம போறேன். குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு. ஏஜென்சியிலதான் போன் குடுத்தாங்க."

சத்தமில்லாத டிவியில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு ஓடினார்கள். நாகலெட்சுமிக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. ஒரு அற்பமான கேள்விதான் வந்தது.

"அப்ப ஒங்கக்கா ஆபரேசன்?"

"ஆபரேசன் இல்ல. கண்டியில டிரெய்னிங்கு."

"நான் தேங்கா ஒடச்சேனேடி."

ஜீவராணி அழத் தொடங்கினாள். நாகலெட்சுமி அழவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தி, இதே பாயில், இதே ஜீவராணி இப்படித்தான் அழுதாள். அப்போது போகவேண்டியவள் நாகலெட்சுமி. மெடிக்கல் எல்லாம் பாஸாகி, பயணப் பை வாங்கி வைத்தாயிற்று. மகன் மதுரன் பள்ளிக்கூடச் சோதனை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற நேரம். "நீ போயிட்டா நான் யாரோட மலைக்குப் போவேன்? இந்த லயத்துல எனக்கு யாரு இருக்கா? நான் செத்துருவேன் நாகு" என்று மடியில் விழுந்து இவள் அழுத அழுகையில் நாகலெட்சுமி பையைப் பிரித்துப் புடைவைகளை மறுபடி கொடியில் போட்டாள். மதுரன் இப்போது கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் துணி மடிக்கிறான். பெருநாளைக்கு வந்தால் அம்மாவோடு சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"சொல்லியிருக்கலாமேடி" என்றாள் நாகலெட்சுமி. "போகாதன்னு சொல்றதுக்கு நான் யாரு? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் நின்னுருவேன். நீ நின்ன மாதிரி."

"நின்னேன்ல?" என்றாள் நாகலெட்சுமி. "நான் நின்னேன்லடி!"

ஜீவராணி அவள் கையைப் பிடிக்க வந்தாள். இவள் தட்டிவிட்டாள். "எல்லாந்தெரிஞ்சும் எதுக்கு மூணு நாளா வந்து குந்திக்கிட்டு நாடகம் பாத்த? என்னைய வேடிக்க பாக்கவா?"

"ஆமா" என்றாள் ஜீவராணி. "நீ பாக்குறதப் பாக்கத்தான் வந்தேன். அங்க எனக்கு அது கெடைக்காதுல்ல."

நாகலெட்சுமி தலையணையைத் தூக்கி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் எறிந்தாள். ஜீவராணி அதை எடுக்காமல், தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு தூறலில் போனாள்.

மறுநாள் சோலைமலையிடம் சொன்னபோது அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ராசம்மாவும் அதையேதான் சொன்னாள். அழகம்மாவும் அதையே சொன்னாள். லயத்துக்கே தெரிந்திருக்கிறது. அட, கடைக்காரர் பைஸருக்குத் தெரிந்திருக்கிறது! அவரிடம்தான் ஜீவராணி பயணப் பை வாங்கியிருக்கிறாள். தோட்டத்தில் ஒரு கோழி காணாமல் போனாலும் முதலில் நாகலெட்சுமிக்குத்தான் சேதி வரும். இது ஒன்று மட்டும் அவள் காதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறது. அன்றைக்கு முழுக்க அவள் ஒருத்தரிடமும் பேசாமல் கொழுந்து பறித்தாள். முற்றல் இலையெல்லாம் சேர்த்துப் பறித்துக் கண்டாக்கு ஐயாவிடம் ஏச்சு வாங்கினாள்.

வியாழக்கிழமை வேன் வந்து லயத்து முனையில் நின்றது. எல்லோரும் வெளியே நின்று வழியனுப்புகிற சத்தம் கேட்டது. நாகலெட்சுமி பெரட்டுக்குப் போக இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது சுவரில் இரண்டு தட்டு கேட்டது. படங்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு தட்டு. அவள் கை சும்மா இருந்தது. பிறகு வேன் கிளம்பிப் பள்ளத்தில் இறங்கி, பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றாள். தட்டியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது. தோன்றியதற்காகவும் ஜீவராணி மேல்தான் கோபம் வந்தது.

அன்று பின்னேரம் வேலைவிட்டு வந்தபோது, இஸ்தோப்பின் மூலையில் தலையணை நனைந்து கிடந்தது. எடுக்காமல் தாண்டிப் போனாள். மறுநாளும் தாண்டினாள். அதற்கடுத்த நாள் எடுத்துப் பஞ்சை உதறி, அடுப்பு மேல் கொடியில் காயப்போட்டாள். புகை வாடை ஏறட்டும், எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டாள்.

நாடகத்தை விடவும் முடியவில்லை. மாதங்கி என்றாவது ஒரு நாள் பறப்பாள் என்ற நப்பாசை. ஆனால் பாட்டு ஆரம்பிக்கும்போதே சத்தத்தைக் குறைத்துவிடுவாள். சுவருக்குக் கேட்கக் கூடாது. தனக்கே பாதி வசனம் கேட்காது. சோலைமலை ஸ்டோருக்குப் போன பிறகு, மூடின கதவுக்குப் பின்னால், வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேய் வருகிற இடத்தில் பக்கத்தில் திரும்பி, "போயிருச்சுடி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் அந்த அட்டையைப் போட்டார்கள். பழைய முகம் ஒரு பக்கம், புது முகம் ஒரு பக்கம். மாதங்கியாக இனி இவர். இன்னும் எத்தனை நாளைக்குத்தான் போட்டு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்களோ. நாகலெட்சுமி சத்தத்தைக் குறைக்க ரிமோட்டைத் தேடினாள். காய்ந்து மறுபடி பாய்க்கு வந்திருந்த தலையணைக்கடியில் கிடந்தது. எடுப்பதற்குள் சுவரில் தட்டு கேட்டது.

ஜீவராணியின் தட்டு இல்லை. அவளுடைய தட்டு அவசரமாக இருக்கும். இது மெதுவாக, பயந்துகொண்டு, ஒரு தட்டு. பிறகு யோசித்து இன்னொரு தட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் நிலக்ஷி.

அந்தப் பிள்ளையும் இந்த நாலைந்து நாளாகக் குழாயடியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறது. இன்று காலையில் பார்த்தாள். பின்னல் கோணலாக இருந்தது. தகப்பன்காரன் பின்னியிருப்பான். அதற்கும் எல்லாம் தெரிந்திருக்கும். மூன்று வாரம் என் கையால் தின்றுகொண்டே, அம்மா பெரியம்மா வீட்டில் இருக்கிறாள் என்று என்னிடம் பொய் சொன்ன குட்டிதானே இது? அம்மா சொல்லிக் கொடுத்ததைச் சொல்லியிருக்கும். இப்போதும் அம்மா சொல்லித்தான் தட்டுகிறதோ என்னவோ. குவைத்திலிருந்து போனில் சொல்லியிருப்பாள், போய் நாகு பெரியம்மாவோட குந்திப் பாரு என்று. தன் இடத்துக்கு ஆளை அனுப்புகிறாளாக்கும்! நாகலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சுவரையே முறைத்துப் பார்த்தாள். சுவர் சும்மா இருந்தது. மூன்றாவது தட்டு வரவில்லை.

திரையில் பாட்டு முடியப்போகிற இடம். புது மாதங்கி மதில்மேல் ஏறி நின்றாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

நாகலெட்சுமி சுவரைத் தட்டவில்லை. எழுந்து போய்க் கதவின் கொண்டியை விலக்கினாள். திரும்பி வந்து, தலையணையைப் பாயின் அந்தப் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, ரிமோட்டை டிவிக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். திரையின் அடியில் சத்தத்தின் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. சுவர் அதிருகிற வரைக்கும் ஏற்றினாள்.