முனைகளை மழுக்கியவள்

விபத்து அறிக்கையின் மூன்றாவது வரியிலேயே வீப்கேவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "பணியாளரின் கவனக்குறைவு" என்று அச்சடித்திருந்தார்கள். கீழே கையெழுத்துக்கான இடத்தில் அவள் பெயர்.

யேனா நகரில் இருந்த அந்தக் கண்ணாடித் தொழிற்சாலைக்கு, கண்ணாடித் தகடுகளை மின்விசையாலேயே ஒட்டித் தூக்கும் பட்டையைச் செய்து கொடுத்தவள் அவள்தான். பட்டைக்குள் செம்புக் கோடுகள் இரண்டு சீப்புப் பற்களைப்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். அந்தப் பற்களின் வடிவத்தைக் கணினி ஆயிரம் விதமாக மாற்றிப் பார்த்து, கடைசியில் ஊசிமுனையாக ஒன்றைத் தேர்ந்தது. பிடி அதில்தான் அதிகம். ஆனால் மின்சாரத்தின் அழுத்தமெல்லாம் அந்த முனையிலேயே குவிந்து மேலுறையைத் துளைத்துவிடும் என்று வீப்கே முனைகளை மழுக்கினாள். பிடி எட்டு சதவீதம் குறைந்தது. அந்த எட்டு சதவீதத்துக்காக, ஒரு வணிகக் கண்காட்சிக்கு முன்பு, தொழிற்சாலைத் தலைவர் ஹார்ட்விக் அவளைக் கேட்காமலே ஊசிமுனைகளைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை சின்னதாக ஒரு பொறிச் சத்தத்தோடு உறை பொத்துக்கொண்டது. தகடு, அடியில் வேலை செய்துகொண்டிருந்த இலோனாவின் மணிக்கட்டில் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் இலோனா சிரிக்கத்தான் பார்த்தாள். "ரெண்டு விரல் அசையலடி. தலைவரு பூ அனுப்பிருக்காரு பாரு. கூடவே சீட்டு, 'இனிமே கவனமா இருங்க'ன்னு."

அங்கிருந்து வீப்கே நேராகத் தொழிற்சாலைக்கு வந்தாள். தூக்கும் இயந்திரத்தில் ஊசிமுனைப் பட்டை ஒன்றை மாட்டி, ஒரு தகட்டைத் தலையுயரத்துக்குத் தூக்கி நிறுத்தினாள். ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஹார்ட்விக் அறிக்கையும் பேனாவுமாக வந்தார்.

"ஒரு கையெழுத்துதானே, வீப்கே. எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

"பட்டைல குறையே இல்லன்னு எழுதிருக்கீங்க."

"சோதிச்சாச்சு. இல்ல."

"அப்ப கைய நீட்டுங்க, சார். இந்தத் தகட்டுக்கு அடியில."

"பைத்தியமா உங்களுக்கு?"

"இலோனா நின்ன இடம்தான். கவனமா நின்னா போதும்னு எழுதிருக்கீங்களே, நின்னு காட்டுங்க!"

அவள் குரல் கூரையில் மோதித் திரும்பியது. மறுப்பார், மறுத்ததும் அறிக்கையைக் கிழித்து அவர் முகத்தில் எறியலாம் என்றுதான் வீப்கே நினைத்திருந்தாள். அவரோ கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பேனாவைப் பையில் செருகினார். கையை நீட்டினார்.

மேலே பட்டையில், தீக்குச்சி உரசியதுபோலச் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

எல்லாருக்கும் கேட்டது. கண்ணாடியின் அடிப்பக்கத்தில் அவருடைய ஐந்து விரல்களும் தலைகீழாகத் தெரிந்தன.