கேள்வி எண் பதினாறும் காக்கைக்கூடும்

1

இந்தக் கதை எனக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரு லைன்மேன். எனக்குக் கவிதைப் பாடம் நடத்துனது அவுருதான்." அதற்குள் நான் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. அவளுக்கு லோகநாயகி என்றும் கணவனுக்குச் செம்பியன் என்றும் பெயர் வைத்தேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: தானே புயல் கடலூரின் மரங்களையெல்லாம்

(நிறுத்திவிட்டேன். மரங்களைப் பற்றி உருக ஆரம்பித்தால் லோகநாயகி வந்துசேரமாட்டாள்.)

2

லோகநாயகி சிதம்பரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள். பி.எட். முடித்திருந்தாள். அஞ்சல்வழி எம்.ஏ.வில் ஒரே ஒரு தாள் பாக்கி. நகரத்து இயற்கையைப் பற்றிய நாற்பது கவிதைகள் கொண்ட தொகுப்புதான் பாடநூல். இரண்டு முறை கைடை மனப்பாடம் செய்து எழுதி, இரண்டு முறையும் தோற்றிருந்தாள். இந்த மே மாதம் தேறினால் மேல்வகுப்புக்குத் தமிழ் எடுக்கலாம். தேறாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

செம்பியன் புயலுக்குப் பிறகு கடலூரிலேயே மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். குளிப்பான், சாப்பிடுவான், படுப்பான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் வேலையைப் பற்றி வாய் திறந்ததில்லை.

3

ஒரு ஞாயிறு மாலை. மின்வெட்டு. லைன்மேன் வீட்டுக்கு மட்டும் கரண்ட் தனியாகவா வரும்? இருவரும் மொட்டைமாடியில் இருந்தார்கள். லோகநாயகி உரக்கப் படித்தாள்: "கம்பியால் வீடு கட்டிய காகமே, நகரம் உனக்கும் கதவு திறந்தது."

"இன்னொரு தபா படி," என்றான் செம்பியன்.

படித்தாள்.

"இத எழுதினவரு கீழ நின்னு பாத்திருக்காரு."

"நகரமும் இயற்கையும் ஒத்துப்போவுதுன்னு அர்த்தங்க. கைடுல போட்டிருக்கு."

"எங்க ஒத்துப்போவுது? கம்பத்து மேல கட்டுன கூட்டுல இருக்கற கம்பி லைன்ல பட்டா காக்கா கருகிடும், ஏரியாவே இருட்டாயிடும். அதனால நாங்க பிச்சுப் போட்டுர்றோம். இந்த வருஷம் கூடு ஜாஸ்தி. மரம் பூரா தானே புயல்ல போயிடுச்சு. அது எங்க போவும், சொல்லு."

அவள் புத்தகத்தை மூடினாள்.

"போன வாரம் மஞ்சக்குப்பத்துல ஒண்ணு எடுத்தேன். உள்ள நாலு முட்டை. கூட்டோட கொண்டுபோயி பக்கத்துல முறிஞ்சு நின்ன வேம்புல வெச்சேன்."

"காக்கா வந்துச்சா?"

"மறுநாளு போயிப் பாத்தேன். வரல. அதுக்கு அடுத்த நாளும் போனேன்."

லோகநாயகி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

(நான் எழுதிய ஒரு கைப்படியில் காகம் திரும்பி வந்தது. செம்பியன் அதை நம்பமாட்டான் என்று தோன்றியது, அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

தேர்வு. கேள்வி எண் பதினாறு: "நகரம் இயற்கையை அரவணைக்கிறது – நூல்வழி விளக்குக."

கைடின் ஆறு குறிப்புகளும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு வரி எழுதினாள். அடித்தாள். பிறகு எழுதினாள்: 'காகத்தைப் பாடியவர் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். கம்பத்தில் ஏறுபவருக்கு அந்தக் கதவு திறந்ததாகத் தெரியாது.' அதே தொகுப்பில் சாக்கடையோரக் கீரையைப் பாடிய இன்னொரு கவிஞரோ மண்டியிட்டுப் பார்த்திருக்கிறார், அதனால்தான் அவருக்கு வேர் தெரிகிறது என்றும் எழுதினாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள்.

(அவளுக்கு இவ்வளவு தைரியம் வருமா என்று எனக்கே சந்தேகம். ஆனால் அந்தப் பேருந்துக் குரலில் பயமே இல்லை.)

5

வெளியே செம்பியன் பைக்கோடு நின்றான்.

"நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன்," என்றாள்.

"ஏம்மா, நான் பத்தாவதோட நின்னவன்."

"அதனால இன்னா? இன்னும் எழுதியிருப்பேன். கம்பத்து மேலேருந்து வேற என்ன தெரியும்னு எனக்குத் தெரியல."

ஒரு கைப்படியில் அவளுக்கு எழுபத்தொன்று மதிப்பெண் போட்டேன். இன்னொன்றில் முப்பத்தெட்டு. இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்தத் தாளை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நீங்களும் கவிதை படிக்கிறவர்தானே.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, செம்பியன் வண்டியைக் கிளப்பவில்லை என்பது மட்டும்தான்.

"இப்பல்லாம் மேல ஏறுனா கடல் தெரியுது, லோகு. முன்ன மரம் மறைக்கும்."

அவள் கேள்வித்தாளைத் திருப்பி, பைக் சீட்டின் மேல் வைத்து எழுதிக்கொண்டாள்.

"மொட்டையா நிக்குதே மரமெல்லாம், அதுங்க உச்சியில தளிரு வுட்டிருக்கு. கீழ இருக்கறவங்களுக்கு இன்னும் தெரியாது."

அதையும் எழுதினாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.