மாமன்மார் தலை

…எந்த வழியில வந்த தலையோ என்று நாத்தனார் லல்லா கேட்பது இன்றா நேற்றா, மகன் அமஸ்தானுக்கு நெற்றி ஏற ஆரம்பித்த ஆறு வருஷமாக, கல்யாண வீட்டில், கிணற்றடியில், "எங்க வீட்ல எழுபது வயசுக் கிழவனுக்கும் சீப்பு வேணும் அண்ணி" என்று சிரித்தபடி, அந்தச் சிரிப்பின் அர்த்தம் தாகமாவுக்குத் தெரியாதா, பிள்ளை லல்லாவின் அண்ணனுக்குப் பிறக்கவில்லை என்பதுதானே, இப்போது அவன் தலையைக் காட்ட வந்த தமன்ராசெத் ஆஸ்பத்திரியிலும் காவல் மாதிரி பக்கத்து நாற்காலியில்… டாக்டரம்மா ஏதோ சொல்கிறாள், "அப்பா வழியிலயும் கொஞ்சம் வரும்மா, ஆனா பெரிய பங்கு அம்மா குடுக்கிற எக்ஸ் குரோமோசோம்ல. உங்க கூடப்பிறந்தவங்க தலை எப்படி?"

கூடப்பிறந்தவர்கள்… உக்செம், கெனான், பாய், மூவரையும் ஒரே மத்தியானம் ஓடை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, அவர்கள் தலையை யார் பார்த்தார்கள், சம்பந்தி வீட்டார் முன் தலையும் முகமும் மூடிய நீலத்துணியை அவிழ்க்கிற ஆண்பிள்ளை நம் துவாரெக் கூட்டத்தில் உண்டா, டீ கிளாஸ்கூடத் துணிக்கு அடியில்தானே போகும், லல்லா பார்த்ததெல்லாம் கண்களை, அதிலும் உக்செமின் கண்களை, ஒரு காலத்தில் எவ்வளவு ஏங்கினாள்… சாகும்வரை மூடி வைத்ததை நான் அவிழ்ப்பதா, திரும்பக் கட்டிக்கொள்ள அவர்களுக்குக் கை ஏது, ஆனால் என் மகன்? என் பெயர்?

"மூணு பேருக்கும் வழுக்கை, டாக்டரம்மா," குரல் வராந்தாவரை போயிற்று, போகட்டும், "முப்பதுக்குள்ள மொத்தமும் போச்சு. குளிக்கத் தண்ணி ஊத்தினவ நான். ஈச்சங்கொட்டை மாதிரி பளபளக்கும்."

"உக்செமுக்குமா?" என்றாள் லல்லா, குரலே எழும்பாமல்.

"அவனுக்குத்தான் முதல்ல."

அமஸ்தான் தலைத்துணியைச் சரசரவென்று உருவி மடியில் போட்டான். "மாமன் சொத்து மருமகனுக்குத்தானே அத்தை, நம்ம வழக்கம்! ஒட்டகம் கிடைக்கல, இதாவது கிடைச்சுதே!" டாக்டரம்மா சிரித்தாள், லல்லா தன் செருப்பைப் பார்த்தாள், பார்க்கட்டும், ஆறு வருஷம் நான் பார்த்த தரை அது…

வாசலுக்குத் தாகமாதான் முதலில் வந்தாள், முதுகு நிமிர்ந்து, இளம்பெண் மாதிரி வெயிலில் இறங்கி, இரண்டு படி தாண்டியதும் கால் தானே நின்றது, அம்மா குடுக்கிற என்றாளே, அப்படியானால் முதலில் அந்த வழுக்கை என்னிடமல்லவா இருந்திருக்க வேண்டும், இத்தனை அடர்த்தியான பின்னலுக்குள், அவர்கள் போன பிறகும் பதினோரு வருஷம், தெரியாமலே… இன்னும் என்னென்ன வைத்துவிட்டுப் போனார்களோ என்னிடம், எதை யாரைக் கேட்பது…