பதினெட்டு நாற்காலி

பெரியக்கா அதிகம் வாய் திறப்பவள் அல்ல. அன்று திறந்தாள்.

"இந்த வருஷம் யாரும் என் வீட்டுக்கு வர வேண்டாம். எல்லாரும் கப்பல்ல கூடுறோம். நாலு நாள்."

தையல் மெஷினை நிறுத்தாமலேதான் போனில் சொன்னாள். மறுமுனையில் தம்பி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்.

"கப்பல்லயா? நம்ம வீடு மாதிரி வருமாக்கா?"

"வராது. அதனாலதான் போறோம்."

முப்பது வருடமாகக் குடும்பம் கூடுவதென்றால் அவள் வீட்டில்தான். பத்தொன்பது பேருக்கு இரண்டு அறையில் படுக்கை, ஒரே அடுப்படியில் மூன்று வேளைச் சமையல். தம்பி, தங்கை, அவர்கள் பிள்ளை குட்டிகள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு வாய்விட்டுச் சிரிப்பார்கள். அடுப்படிக்குச் சத்தம் மட்டும்தான் வரும். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "என்ன, என்ன?" என்று அவள் கேட்பதற்குள் அந்தச் சிரிப்பு ஆறிப்போயிருக்கும். ஒரு வேளையாவது அவர்களோடு உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டு, கூடவே சிரிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கப்பல்.

தம்பி லேசில் விடவில்லை. கடல் காற்று ஒத்துக்கொள்ளாது, தலை சுற்றும் என்று ஆயிரம் நொண்டிச் சாக்கு சொன்னார். "அப்ப வராதே," என்றாள். வந்தார். வந்ததோடு விட்டாரா? சாப்பாட்டு மேசைக்குச் சொல்லி வைக்கிற நாட்டாமையையும் தானே எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. ஆளாளுக்கு இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். தானே தைத்த புது உடுப்பில் பெரியக்கா வந்து பார்த்தால், அவளுக்கு நாற்காலி இல்லை. எண்ணிப் பார்த்தாள். பதினெட்டு.

"சரியாத்தானே சொல்லி வச்சேன்," என்றார் தம்பி. "முதல் பந்தி எப்பவும் பதினெட்டு பேர்தானே. நீ அப்புறமாத்தானேக்கா சாப்பிடுவே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பரிமாறுபவர் இன்னொரு நாற்காலி எடுத்துவர ஓடினார். தங்கை பாதி எழுந்துவிட்டாள்.

"நீ உட்காருடி," என்றாள் பெரியக்கா. தம்பியின் தோளைத் தட்டினாள். "நீ எந்திரி."

பள்ளிக்கூடத்தையே எழுந்து நிற்க வைப்பவர் எழுந்து நின்றார். அவள் அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அதான் நாற்காலி எடுக்கப் போயிருக்காரேக்கா," என்று முனகினார்.

"வரட்டும். அதுவரைக்கும் நில்லு. முப்பது வருஷம் நின்னவ சொல்றேன், கால் ஒண்ணும் ஒடிஞ்சிடாது."

ஏதோ ஒரு வாண்டு களுக்கென்று சிரித்தது. அப்புறம் மேசை முழுக்கச் சிரிப்பு. நின்றுகொண்டிருந்த தம்பிக்கும் அடக்க முடியவில்லை. என்ன, என்ன என்று இந்தத் தடவை பெரியக்கா யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.