ஆறு ‘சரிங்க’

1
இந்தக் கதை ஒரு பொய்ச் செய்தியில் பிறந்தது. செய்தி என்னுடையது: ‘பதினோரு ஆண்டு நில வழக்கு நாற்பது நிமிடத்தில் சமரசம்’. அதில் ஒரு தகவல்கூடத் தவறில்லை.

2
தொடக்கம்: எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பனி விலகும் கொல்லிமலையில்...

(நிறுத்திவிட்டேன். வளைவுகளை எண்ணுகிறவன் சுற்றுலாப் பயணி. ராமாயிக்கு அது பஸ்ஸில் வாந்தி வரும் வழி.)

மறுபடி: கொல்லிமலை வாழவந்தி நாட்டு ராமாயிக்கும் அவள் கொழுந்தன் சென்றாயனுக்கும் ஒரு மேட்டுக்காட்டின் மீது வழக்கு. கணவன் இறந்தபின் அங்கே மிளகுக்கொடி ஏற்றியவள் ராமாயி. பட்டா சென்றாயன் பெயரில்.

3
சமரசர் பூபதி நல்லவர். (கெட்டவராக்கிப் பார்த்தேன். கதை எளிதாகிவிட்டது, அடித்துவிட்டேன்.) சமரச மையத்தில் பொறுமையாக விளக்கினார்.

“கேஸ் நடத்துனா இன்னும் பத்து வருசம் ஆகுமுங்க.”

“சரிங்க.”

“மேட்டுக்காடு உங்க கொழுந்தனாருக்கு.”

“சரிங்க.”

“ஊத்துப்பக்கத்து மரவள்ளிக்காடு உங்களுக்கு.”

“சரிங்க.”

இப்படி ஆறு முறை. எண்ணினேன். சென்றாயன் சிரித்தான்: “அண்ணி இத்தன சுளுவா ஒத்துக்குவாங்கன்னு தெரிஞ்சிருந்தா, பதினோரு வருசம் கோர்ட்டுப் படியத் தேச்சிருக்க மாட்டனுங்க.”

ராமாயி கைநாட்டு வைத்தாள். சாட்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. செய்தி எடுக்கப் போயிருந்த நான் கையெழுத்துப் போட்டேன்.

4
பஸ்ஸுக்கு நிற்கையில் ராமாயி கேட்டாள்: “ஏஞ் சாமி, என்னைய எப்பப் பேசச் சொல்லுவாங்க?”

“கைநாட்டு வெச்சுட்டீங்களே?”

“அது வந்ததுக்கு வெச்சதுங்க. நூறு நாள் வேலைல வெக்கிறாப்புல. கொடி அத்தனையும் நா ஏத்துனதுன்னு சொல்லோணுமுங்க. அவரு பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்.”

பெரியவர் பேசும்போது நடுநடுவே ‘சரிங்க’ என்றால், ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று அர்த்தம். என் வீட்டிலும் அப்படித்தான். பூபதி வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

5
முடிவு அ: நான் ஓடிப்போய்ப் பூபதியிடம் சொல்கிறேன். (இந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. அதுவே இதன் சிறப்பு என்று செய்தியில் எழுதியதும் நான்தான்.)

முடிவு ஆ: சென்றாயன் மனமிரங்கி, அண்ணியின்... (அடித்துவிட்டேன்.)

நடந்தது: பஸ் வந்தது. “கூப்பிடுவாங்கம்மா” என்றேன்.

“சரிங்க” என்று ஏறிக்கொண்டாள்.

6
தை பிறந்தால் சென்றாயன் மிளகு பறிக்க ஆள் விடுவான். மேட்டுக்காடு கைவிட்டுப் போய்விட்டது என்று அதற்குள் யாராவது ராமாயியிடம் சொல்ல வேண்டும். என்னால் முடியாது. அதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். இதுவரை கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்?

சம்மதம் என்று குறித்துக்கொள்கிறேன்.